கலங்கி வந்த கசிவு

சித்திக்குப் பதினேழு வருடங்களாக ஒரே வேலை. ஒரு சிறிய ஏரியின் மண் கரையைப் பார்த்துக்கொள்வது. கரையோரம் இரண்டு அறை வைத்த அரசாங்க வீடு, மதகைத் திறக்கும் சக்கரத்தின் சாவி, நீர்மட்டம் எழுத ஒரு நோட்டு. இலாகா அவளுக்குக் கொடுத்தது இவ்வளவுதான். ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றி, எங்கும் கால் தரிக்காமல் திரும்பிய நான், நாலு நாள் இருப்பதாகச் சொல்லி அவள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் இருந்துவிட்டேன்.

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் கரையின் அடிவாரத்தில் ஒரு குறுகிய கால்வாயில் சேர்ந்து ஓடும். காலை ஆறு மணிக்குச் சித்தி அங்கே பத்து லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவாள். நாற்பது வந்தால் முகம் மலரும். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, தேதி ஒட்டி, சமையலறை ஜன்னலில் வைப்பாள். மறுநாள் அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பாட்டில் வைக்கச் சொல்லி எந்த விதியும் கிடையாது. அது அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

"என்னை ஒரு நாள் இப்படி உத்துப் பாத்திருந்தா நானும் தெளிஞ்சிருப்பேன்" என்பார் பஸ் கண்டக்டரான சித்தப்பா.

"உங்களுக்கு வாளி பத்தாது, போங்க" என்பாள் சித்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை வாளி இருபத்தெட்டு நொடியில் நிரம்பியது. மறுநாள் பாட்டிலின் அடியில் நகக்கண் அளவுக்குச் செம்மண்.

"மழைத் தண்ணி கலந்திருக்குமோ, சித்தி?"

"பத்து நாளா எங்கடி மழை? இது கரையோட வயித்துல இருக்கற மண்ணு. உள்ள வழி விழுந்து, தண்ணி அரிச்சுக்கிட்டு வருது."

மூன்று வருடங்களுக்கு முன்பு, கரையை அழகுபடுத்துகிறோம் என்று மேலிருந்த மரங்களை வெட்டியிருந்தார்கள். வேரைத் தோண்டி எடுத்து அந்தக் குழியில் மண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்று சித்தி மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. வேர்கள் உள்ளேயே மக்கி, தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டன. கரைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு செங்கல் சூளையும், முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமும் இருந்தன.

சித்தி போனில் தகவல் சொல்ல, அன்று மதியமே இன்ஜினியர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டைக்காக அவரை எல்லோரும் 'இஸ்திரி' என்றுதான் சொல்வார்கள். கூடவே ஒரு கொத்தனார், நாலு மூட்டை சிமெண்ட்.

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாரு. ஈரமா இருக்கற எடத்தைப் பூசிடுவோம். பாக்க நீட்டா இருக்கும்."

"மூக்கை அடைச்சா சளி போயிடுமா, சார்? இங்க அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கிட்டு வரும். ஏரித் தண்ணியை மூணு அடி எறக்குங்க. கசியற எடத்து மேல மணலு, அதுக்கு மேல ஜல்லி போடுங்க. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது."

"எறக்கறதா? நெறஞ்ச ஏரியோட போட்டோ வேணும்னு சொல்லியிருக்காங்கம்மா! நீங்க காவலுக்கு இருக்கீங்க. இன்ஜினியர் வேலையை நான் பாத்துக்கறேன்."

சித்தி வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தாள். ஈரத்தின் நட்டநடுவே போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் கால்கள் சேற்றில் இறங்கின.

"பூசுங்க. என்னையும் சேத்துப் பூசுங்க."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "பொம்பளையாளைப் பூசற கூலி பேசலையே, சார்" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். இஸ்திரி யாருக்கோ போன் செய்தபடியே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் சித்தி பள்ளிக்கூடத்துக்கும் சூளைக்கும் போன் செய்தாள். மதகு வாய்க்காலில் யாரும் இறங்க வேண்டாம், தண்ணீர் வருகிறது என்று சொன்னாள். பிறகு சாவியை எடுத்தாள்.

"உத்தரவு இல்லாம தொறந்தா வேலை போயிடாதா, சித்தி?"

"போகும். நீ அந்தப் பக்கம் புடி."

துருவேறிய சக்கரத்தை இருவருமாகத் திருப்பினோம். நாலு சுற்று போதும் என்றாள். மொத்தமாகத் திறந்து தண்ணீரைச் சட்டென்று இறக்கினால், ஊறிப்போன உள்பக்கச் சரிவு வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். மணிக்கொருமுறை நீர்மட்டம் பார்த்தாள். மாலையில் இஸ்திரி போனில் கத்தினார். "சாவி எங்கிட்டதான் இருக்கு, சார். வந்து புடுங்கிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஏரி இரண்டரை அடி இறங்கியிருந்தது. வாளி நிரம்ப முப்பத்தாறு நொடி. பெரிய அதிகாரி காரை விட்டு இறங்கியதும், வெளியே தெரிந்த சேற்றைப் பார்த்து முகம் சுளித்தார்.

"தண்ணியைத் தொறந்து விட்டது யாரு?"

"நான்தான்" என்று சித்தி முன்னால் வந்தாள். கையில் இரண்டு பாட்டில்கள். ஒன்று திங்கட்கிழமையுடையது, மற்றொன்று செவ்வாயுடையது. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடிவாரத்துக்கு நடந்து, ஒரு கம்பியை ஈரத்தில் குத்தினார். அது தடங்கல் இல்லாமல் முழங்கை ஆழம் இறங்கியது. அவர் இஸ்திரியைப் பார்த்தார். இஸ்திரி தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

அன்றே மணலும் ஜல்லியும் வந்தன. அடுத்த வாரம் மேலே தோண்டியபோது, கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து கரையின் குறுக்கே பாதி தூரம் ஓடியிருந்தது. சிமெண்ட் பூசி ஏரியையும் நிறைத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி, தோண்டியவர்கள் கீழே பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள்.

அதே வாரம் சித்திக்கு ஓலையும் வந்தது. அனுமதியின்றி மதகைத் திறந்ததற்கு ஒரு மாத சஸ்பென்ஷன். வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் ரத்து செய்துவிடலாம் என்று இஸ்திரியே வந்து சொன்னார்.

"நாலு வரிதானே? எழுதிக் குடுத்துட்டா என்ன?" என்றார் சித்தப்பா.

"எழுதினா, அடுத்த தடவை இந்தச் சக்கரத்துல கை வைக்கறவன் பயப்படுவான். எழுத மாட்டேன்."

அவளுக்குப் பதிலாக ஆபீஸ் டிரைவர் ஒருவரைக் காவலுக்குப் போட்டார்கள். முதல் நாள் ஆறு மணிக்குச் சித்தி வாளியோடு கரையடியில் நிற்பதைப் பார்த்து அவர் பதறினார்.

"அக்கா, நீங்க வேலைக்கு வரக்கூடாதுன்னு உத்தரவு."

"வேலைக்கா? பொதுமக்கள் நடந்து போகலாம்னு போர்டு வெச்சிருக்கீங்கள்ல? ஒரு மாசத்துக்கு நான் பொதுமக்கள்" என்று சொல்லிவிட்டு, சித்தி குனிந்து வாளியைத் தண்ணீருக்கு நேராக வைத்தாள்.