மாமாவுக்கு ஒரு புள்ளடி

என் மாமா வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் தேர்தலில் நின்றார். அதுவும் பெரிய தேர்தல் ஒன்றுமில்லை, ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் நாங்கள் இருந்த ஸ்டோவ்னர் வட்டாரத்தின் சபைக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா என் அம்மாவின் அண்ணன், பஸ் சாரதி. தக்காளி வாங்கக் கடைக்குப் போனாலும் பத்துப் பேரிடம் சுகம் விசாரிக்காமல் வீடு திரும்பாத மனிதர். அவருடைய பஸ்ஸில் தினமும் காலையில் ஏறும் நோர்வேஜியப் பெண்மணி ஒருவர் ஏதோ ஒரு கட்சியின் வட்டாரப் பொறுப்பில் இருந்தார். வேட்பாளர் பட்டியலுக்கு ஆள் தேவைப்படுகிறது, பெயர் தருவீர்களா என்று அவர் கேட்க, மாமா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

கோடை முடியும் நேரத்தில் பட்டியல் மாமா வீட்டுக்கு வந்தது. மாமாவின் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டே போனோம். தாள் முடிகிற இடத்தில், கடைசிப் பெயராக அது இருந்தது. மாமியின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அண்ணை, உங்களை வாலிலை கொண்டுபோய்க் கட்டியிருக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

மாமா அசரவில்லை. "எங்கட விழாக்களிலை பிரதம விருந்தினர் எப்ப பேசுறவர்? கடைசியிலைதானே. அதுமாதிரித்தான் இதுவும்."

பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் நித்திரையாகியிருப்பார்கள் என்பது எனக்கே தெரியும். பெரிய ஆள் கடைசியில்தான் வருவார். மாமி தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை மாமா என்னை ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கட்சிகளெல்லாம் சின்னச் சின்னக் கொட்டில்கள் போட்டு வாஃபலும் கோப்பியும் பலூனும் கொடுத்துக்கொண்டிருந்தன. நான் எல்லாக் கட்சியிலும் ஒவ்வொரு பலூன் வாங்கிக்கொண்டேன். கொள்கை வேறுபாடு பார்க்கிற வயது இல்லை. மாமாவின் கட்சிக் கொட்டிலில் அந்தப் பஸ் பெண்மணி நின்றார். மாமா வழக்கம்போல என்னை முன்னால் தள்ளிவிட்டார். "நீ கதை பிள்ளை. என்ர மருமகளுக்குத்தான் நல்ல நோர்ஸ்க்." வைத்தியரிடமும் வங்கியிலும்கூட நோர்வேஜிய மொழி பேச அவர் இப்படித்தான் என்னைத் தள்ளிவிடுவார். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை, தலை கால் தெரியாத பெருமைதான்.

அந்தப் பெண்மணி குனிந்து என்னிடம் சொன்னார். மாமாவின் பெயர் கடைசியில் இருப்பதைப் பிழையாக எடுக்கக் கூடாதாம். அவர் தெரிவுசெய்யப்பட வழியே இல்லையாம். பட்டியலை நிரப்ப இன்னொரு பெயர் வேண்டியிருந்ததாம், அவ்வளவுதானாம். இதை மாமாவுக்கு விளங்கப்படுத்தச் சொன்னார்.

நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அன்று அவர் கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். மீசையைக் கத்தரித்திருந்தார்.

"மாமா, நீங்கள் கட்டாயம் வெல்லுவீங்களாம். எல்லாரும் உங்களைத்தான் எதிர்பார்க்கினமாம்."

மாமா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்மணியைப் பார்த்து மிகப் பணிவாக நன்றி சொன்னார். மாமா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டதை, தும்மலாக்கும் என்று நினைத்தேன். அன்று மாமா வாங்கித் தந்த ஐஸ்கிரீம், அதுவரை நான் கண்டதிலேயே பெரியது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது என் வேதனை. மாமா வேலை முடிந்து வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போகத் தொடங்கினார். ரொம்மனில் ஒரு நாள், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளில் இன்னொரு நாள். கல்யாணத்துக்குச் சொல்லப் போவதுபோல, மாமியையும் கூட்டிக்கொண்டு. மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத தமிழ் வீடுகளுக்கும் நான் போனேன், பலகாரம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதே கதைதான். "வாக்கு அட்டை வந்ததே?" என்று மாமா கேட்பார். "அதை விளம்பரப் பேப்பரோடை எறிஞ்சிட்டம், அண்ணை" என்பார்கள். எங்கள் ஆட்கள் வரி ஒழுங்காகக் கட்டுவார்கள், படிக்கட்டு கழுவும் முறை வந்தால் தவறாமல் கழுவுவார்கள், தேர்தல் என்றால் மட்டும் அது வெள்ளைக்காரரின் வேலை என்று இருந்துவிடுவார்கள்.

"எனக்காக ஒருக்காப் போங்கோ. என்ர பேருக்கு நேரை ஒரு புள்ளடி. வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்பார் மாமா. பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே பேனையால் குறுக்குக் கோடு போட்டால் அந்தப் பெயர் மேலே ஏறுமாம். சொந்த மனிதன் வாசலில் வந்து கேட்டபின் மாட்டேன் என்று சொல்ல எங்கள் சனத்துக்கு நா எழாது. எல்லாரும் "ஓம், ஓம்" என்றார்கள். இத்தனை பேர் ஓம் சொன்னபின் தோற்றால் மாமா எப்படித் தாங்குவார்? உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்தாலும் பிழை, மூடினாலும் பிழை.

ஓம் சொல்லாதவர் அம்மா மட்டும்தான். நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில் அம்மா ஒருமுறையும் வாக்களித்ததில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் தேர்தல் நாள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் நாள். வாக்குப் போட்டால் ஒரு பக்கம் துப்பாக்கியோடு வந்து கேட்கும், போடாவிட்டால் மற்றப் பக்கம் கேட்கும்.

"எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம், அண்ணை. வேறை என்ன கேட்டாலும் செய்யிறன்."

"என்ர சொந்தத் தங்கச்சியே போடேல்லை எண்டால் சனம் என்ன சொல்லும்?" என்றார் மாமா. கடவுளுக்குப் பயப்படாதவர்கள்கூட இந்தக் கேள்விக்குப் பயப்படுவார்கள். அம்மா வெங்காயத்தை வேகமாக வெட்டினார்.

தேர்தல் நாளன்று அம்மா சேலை உடுத்தி, மேலே குளிர்க்கோட்டுப் போட்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாக்களிப்பு எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். உள்ளே பாதிப்பேர் தமிழர். திருவிழாவுக்கு வந்ததுபோல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அம்மா திரைக்குப் பின்னால் போனார். நான் வெளியே நின்று திரைக்குக் கீழே தெரிந்த அவருடைய சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை வெகுநேரம் அசையவில்லை. பேனை எழுதவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் மடித்த தாளை நெஞ்சோடு பிடித்தபடி வந்தார். மேசையில் இருந்த பெண் முத்திரை குத்தித் தந்தாள். அம்மா அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"கேள் பிள்ளை, அவ்வளவுதானோ? இனி ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினமோ?"

நான் கேட்டேன். அவ்வளவுதான், நன்றி என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்ததும் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. மாமா தோற்கப்போவது அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, "கவலைப்படாதேங்கோ அம்மா" என்றேன். மாமா வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பில் நின்றார். வேட்பாளர் மண்டப வாசலில் நின்று வாக்குக் கேட்கக் கூடாதாம்.

"போட்டிட்டன் அண்ணை" என்றார் அம்மா.

"ஆருக்கு எண்டு சொல்லாதை. எனக்கும் சொல்லாதை" என்றார் மாமா.

எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இத்தனை நாள் கெஞ்சித் திரிந்தவர், கிடைத்ததோ இல்லையோ என்றுகூடக் கேட்கவில்லை.

மாமா தோற்றார். புள்ளடிகள் நிறைய விழுந்திருந்தன, ஆனாலும் கடைசிப் பெயரைச் சபைக்குள் தள்ள அவை போதவில்லை. வெற்றிக்கென்று மாமி பொரித்திருந்த ரோல்ஸைத் தோல்விக்குச் சாப்பிட்டோம். மாமா பகிடி விட்டுக்கொண்டே சாப்பிட்டார். நான்தான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

இரண்டு வருடத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதில் மாமாவின் பெயர் எங்கும் இல்லை. அன்று அவரும் மாமியும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அம்மா காலையிலேயே சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டார். கீழ்வீட்டு அன்ரிமார் வாசலில் காத்து நின்றார்கள். அம்மா மறந்துபோனார் என்று நினைத்து, சப்பாத்துப் போடும்போது காதுக்குள் சொன்னேன்.

"அம்மா, இந்த முறை மாமா நிக்கேல்லை."

"அதுக்கு?" என்றார் அம்மா. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கு மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது. ஒருமுறை தோற்றதோடு கட்சியும் கைவிட்டுவிட்டது, சொந்தத் தங்கச்சியும் வேறு யாருக்கோ போடப் போகிறார். அவர் யன்னலோரம் நின்று, அம்மா மற்றப் பெண்களோடு சிரித்துக் கதைத்தபடி பள்ளிக்கூடப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டில் இருந்த ரோல்ஸில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தேன்.

"கவலைப்படாதேங்கோ மாமா" என்றேன்.

மாமா "ஓம் பிள்ளை" என்று தலையாட்டிவிட்டு அதை ஆறுதலாகச் சாப்பிட்டார். தோற்ற மனிதரின் முகம் ஏன் அவ்வளவு பூரிப்பாக இருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. நாள் முழுவதும் நோர்வேஜியப் பயணிகளோடு நோர்ஸ்க்கில் பகிடி விட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறவருக்கு மொழிபெயர்க்க நான் எதற்கு என்று கேட்கவும் அன்று எனக்குத் தோன்றவில்லை.