மினி போட்ட கோட்டிங்கும் மூன்று சந்தன வரியும்

மினி கோட்டிங் போட்ட காரின்மேல் ஈ உட்கார்ந்தால், வழுக்கிக்கொண்டே போய்ப் பாறசாலை ரயில்வே ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் கூடுதல்தான். ஈ பானட்டில் சுகமாக உட்காரும். தண்ணீர்தான் நிற்காது, முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் எங்கள் மதிலை ஒட்டி ஷெட் போட்டிருக்கிறாள் மினி. வயது நாற்பத்தொன்று. ஷெட் போடுவதற்குமுன் ஒன்பது வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு கார் ஷோரூமின் பின்கட்டில் இதே வேலை. முன்கட்டில் டை கட்டியவர்கள், செராமிக் கோட்டிங் நல்லது, குவார்ட்ஸ் கோட்டிங் அதைவிட விசேஷம், போட்டால் கல்லெறிந்தாலும் கீறாது என்று விற்பார்கள். ஒருநாள் கார் வாங்க வந்த ஒருவர் பின்கட்டுக்கே வந்து அது உண்மையா என்று மினியிடம் கேட்டுவிட்டார்.

"பேருதான் சார் ரெண்டு. ரெண்டு பாட்டில்லயும் கூடுதலும் சிலிக்காதான், மணல்ல உள்ள அதே சாதனம். வெயிலுக்கும் அழுக்குக்கும் நல்லது. கல்லெறிஞ்சா கீறும். எறிஞ்சு பாக்காண்டாம்."

அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மை சொன்னவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

இப்படிப்பட்டவளைத்தான் வெள்ளறடை சிவதாணு, பென்ஷன் வாங்கும் படித்த மனுஷன், அவளிடமே காருக்குக் கோட்டிங் போட்டுக்கொண்டுபோய், ஜங்ஷன் டீக்கடையில் நின்றுகொண்டு "மெழுகைத் தேச்சு ஏமாத்தினவ" என்றார். ஷெட் தொடங்கி ஏழு மாதம். அந்த ஒரு வார்த்தையில் வரவேண்டிய கார் இரண்டு வராமல் போயிற்று. பேச்சு இன்னும் ஒரு வாரம் ஓடினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். மினி ஆள் விட்டு அவரை வரச்சொன்னாள்.

அவர் வந்தார். முன்சீட்டில் மனைவி சரசம்மா. புத்தம்புதுக் கருநீலக் கார். பானட்டின் நடுவில் மங்கலாக மூன்று வரி.

"இதாக்கும் உன் கோட்டிங்கு," என்றார்.

மினி ஒரு கப் தண்ணீரை பானட்டில் ஊற்றினாள். அத்தனையும் உருண்டு ஓடியது. அந்த மூன்று வரியில் மட்டும் பரந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

"மெழுகா சார் இது? போட்ட இடமெல்லாம் இருக்கு. இந்த மூணு வரியிலதான் போச்சு. கோட்டிங்கு இறுகணும், ஒரு நாள் முழுக்க ஒண்ணும் படக்கூடாதுன்னு சொல்லித்தானே சாவி தந்தேன்?"

"தண்ணி படக்கூடாதுன்னாக்கும் நீ சொன்னது. சந்தனம் தண்ணியா?"

சாவி வாங்கிய அன்று சாயங்காலமே வண்டியை நேரே அம்பலத்துக்குப் பூஜைக்குக் கொண்டுபோயிருக்கிறார். இறுகாத கோட்டிங்மேல் சந்தனம் காய்ந்து அதைத் தின்றுவிட்டது. தப்பைச் செய்துவிட்டு வக்கீல்போல் பேசுகிறார். மதில்மேல் கிடந்த, உரித்துப்போட்ட தேங்காய்த் தொண்டு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். எறியவில்லை. பானட் மினியின் உழைப்பாயிற்றே.

"சந்தனத்தைத் தனியாச் சொல்லாம விட்டது எனக்க தப்பு," என்றாள் மினி. "பானட்டை மறுபடி பாலிஷ் பண்ணிப் போட்டுத் தாறேன். ஆனா நீங்க அந்த டீக்கடையில போய், மெழுகு இல்லன்னு அதே வாயால சொல்லணும்."

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? வரைஞ்சது பூஜை செஞ்ச போற்றி. பூஜைக்கு நிக்கும்போ போற்றிக்க கையைப் பிடிக்க முடியுமா?"

"அப்போ ஏமாத்துக்காரின்னு என்னை மட்டும் சொல்லலாமா சார்?"

அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு காரைப் பார்த்தார்.

முன்சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"போற்றி பூ மட்டுந்தான் வச்சார் மக்கா," என்றாள் சரசம்மா. "புது மினுக்கா இருக்கு, சந்தனம் வேண்டாம்னு அவரே சொன்னார். இலையில இருந்த சந்தனத்தை மூணு விரலால வழிச்சு வரைஞ்சது இவராக்கும். நீ பானட்டைப் பாரு. டீக்கடைக்கு இவருகூட நானும் வாறேன்."