புல் விளையாடிய மைதானம்

"இத எடைக்குப் போட்டுட்டு பேட்டரி மாடல் எடுத்துக்குங்க ஆன்ட்டி. சத்தமே வராது" என்றார் கடலூரில் அந்த மெஷின் கடைத் தம்பி. என் புல் வெட்டும் மெஷின் அவருடைய மேஜைக்குக் குறுக்கே நீட்டிக் கிடந்தது. கயிற்றை ஒரு தடவை இழுத்துக்கூட அவர் பார்க்கவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்தார், மோந்தார், முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான் வைத்தியம். சத்தமே வராத மெஷின் எனக்கு எதற்கு? காலமெல்லாம் விசில் ஊதிப் பிழைத்த பி.டி. டீச்சர் நான்.

"சத்தம் வரணும் தம்பி. அதுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செம்மண்டலத்துக்குத் திரும்பினேன். மெஷினின் நீளக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டு வந்ததால் வழியில் போனவர்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் மாமா நின்றிருந்தார். என் கணவரைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் கட்டியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கடையில என்னா சொன்னாங்க?"

"தூக்கிப் போடச் சொல்றாங்க."

"உன்னயா, மெஷினயா?"

இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்ததற்கு எனக்கு ஒரு மெடல் தரலாம்.

முந்தின நாள் என் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு போன் வந்தது. அதனால்தான் பரண்மேல் கிடந்த மெஷினை இறக்கினேன். என்ன போன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும், பேச வந்தது கெட்டுப்போகும்.

பின்கட்டில் சாக்கை விரித்து மெஷினைக் கிடத்தி, அதே மூடியை நானும் திறந்தேன். உள்ளே இருந்த பழைய பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து வார்னிஷ் வாடை அடித்தது. கடைத் தம்பிக்குக் குமட்டிய அந்த வாடை எனக்குக் கோரைப் புல்லையும் சேற்றையும் கொண்டுவந்து நிறுத்தியது.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற வழியில் இருந்தது அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தாண்டினால் முதலில் எங்கள் மைதானத்துக்குத்தான் வரும், கடைசியில்தான் போகும். போகும்போது வண்டலை விட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நாளில் கோரை தோளளவுக்கு எழுந்து நிற்கும். சாரைப்பாம்பு குடும்பத்தோடு குடியேறும். கோ கோ கம்பம் இரண்டும் புல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். வீட்டில் கை காலை நீட்டவே இடம் கிடையாது. தெருவில் ஓடினால், "பொம்பளப் புள்ளைக்கு என்னாடி ஓட்டம்?" என்று யாராவது அதட்டுவார்கள். யாரும் அதட்டாமல் அவர்கள் ஓடுவதற்கு இருந்த ஒரே இடம் அந்த மைதானம். அது போனால் அவர்களுக்கு ஓட்டமே போய்விடும். எனக்கு இது தெரியும். தாளாளருக்கும் தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாளாளர் கஞ்சி போட்ட வேட்டி மாதிரியே விறைப்பாக நடப்பார், வெண்ணெய் மாதிரிப் பேசுவார். பக்கத்தில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் எழும்பியிருந்தது. அவர்களுக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. ஆசிரியர் கூட்டத்தில் சாதாரணமாக எடுத்துவிட்டார்: "கிரவுண்டுல யாரும் வெளையாடலியே டீச்சர். புல்லுதான் வெளையாடுது. திங்கக்கெழம மண்டபத்துக்காரர் எடம் பாக்க வர்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதுமடல் சுட்டது. அறுவடை நேரம், அரிவாள் பிடிக்க ஓர் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அந்தக் காட்டை வெட்டி முடிப்பதற்குள் கார்கள் வந்து நின்றுவிடும்.

அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை ஓசையோடு வைத்தேன். அப்போது நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்தோம். மாமா கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வலைக்கடையில் வேலை பார்த்தார். தினமும் ரயிலில் போய் வருவார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு மேல கோவம்?" என்றார். புல் மேல் என்றேன். மறுநாள் திருவதிகைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு தெரிந்தவரைப் பிடித்து, அவர் மரத்தடி புல்லை வெட்ட வைத்திருந்த மெஷினை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதுகில் ஒரு வார் மாட்டி, குழாயை முன்னால் பிடித்து, அதன் நுனியில் நைலான் நரம்பு சுழன்று புல்லை அடித்துச் சாய்க்கும். நான் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தேன், சும்மா சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அதை மினி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் படிக்கட்டிலேயே மறித்தார்.

"என்னா டீச்சர், துப்பாக்கியா?"

"ஆமாம். வழி விடு."

வழி விட்டார். ஆனால் பெட்ரோல் வாடை ஜாஸ்தி என்று பஸ்ஸே என்னைத் திட்டியது. நான் அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். திட்டிய புண்ணியத்தில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

இந்த மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பழைய மொபெட்டுக்கு ஊற்றுவது போல ஆயில் கலக்க வேண்டும். அந்த ஆயிலுக்கு டூ டி என்று பெயர். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும்தான் அது வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாட்ச்மேன் சைக்கிளில் குமராட்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அப்படியே டூ டி வாங்கிட்டு வாங்க, அவசரம்" என்றேன். மனிதர் வியர்க்க விறுவிறுக்க மிதித்து வந்து, பாலிதீன் பையில் நூல் கட்டிய இரண்டு பார்சல் டீயை என் கையில் கொடுத்தார்.

"என்னா இது?"

"நீங்கதான டூ டீன்னீங்க? அவசரம்னீங்களேன்னு சூடா கொண்டாந்தேன். சர்க்கரகூடக் கம்மியா போடச் சொன்னேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. புல்லைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். அந்த டீக்கு ஒரு நாள் போயிற்று. ஆனால் அதற்கப்புறம் நான் மெஷினை எடுக்கிற ஒவ்வொரு முறையும், "டூ டீ போட்டாச்சா டீச்சர்?" என்று கேட்காமல் அவர் இருந்ததில்லை. எங்கள் வீட்டிலும் எந்தச் சண்டைக்குக் கிளம்பினாலும் இன்று வரைக்கும் அதே பேச்சுதான்.

சனிக்கிழமை ஆயில் வந்தது, மெஷின் ஓடியது. கோரை வரிசையாகச் சாய்ந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதினால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். மத்தியானத்துக்குள் நரம்பு தீர்ந்துபோயிற்று. புல்லுக்குள் கிடந்த செங்கல்லில் பட்டுப் பட்டு அறுந்துவிட்டது. சிதம்பரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. மாமாவுக்குப் போன் செய்தேன். "நரம்புதான? தங்கூசி போதாதா?" என்றார். மீன் பிடிக்கிற நைலான் நரம்புக்குக் கடற்கரைப் பெயர் தங்கூசி. கடையில் தடித்த ரகம் தீர்ந்திருந்ததால், சுறாவுக்குப் போடுகிற பழைய சுருள் ஒன்றை ஒரு படகுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுறா நரம்பு புல்லை அறுத்த அழகே அழகு. சூடு ஏற ஏற மைதானம் முழுக்கக் கருவாட்டு வாசனை. காக்கைகள் கும்பலாக என் பின்னாலேயே வந்தன. முழங்கை வரைக்கும் புல் சாறு, காதுக்குள் இரைச்சல், ஆனால் பொழுது சாய்வதற்குள் இரண்டு கம்பமும் வெளியே வந்துவிட்டன.

திங்கட்கிழமை தாளாளர் மண்டபத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கோ கோ உச்சத்தில் இருந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் அவர் சொன்ன 'வாங்க' அவருக்கே கேட்டிருக்காது.

"என்னா டீச்சர் இது?"

"புல்லு அவுட்டாயிடுச்சி சார். இப்ப புள்ளைங்க வெளையாடுதுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் மண்டபத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கருவாட்டு நாத்தம் வருதே! கல்யாணத்துக்கு வர்றவங்க எப்பிடிங்க எறங்குவாங்க?" என்று காரில் ஏறிப் போய்விட்டார். என் வீரத்துக்குப் பாதி வெற்றி, சுறாவுக்குப் பாதி. எனக்கு அதில் வருத்தமில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புல் வளர்ந்தது, நான் வெட்டினேன். ஆசிரியர் அறையில் எனக்குப் 'புல்லு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். நான் அதைப் பட்டம் போல வாங்கிக்கொண்டேன். அங்கே ஓடிய பிள்ளைகளில் ஒருத்தி இன்று போலீஸ் உடுப்பில் இருக்கிறாள். இன்னொருத்தி என்னைப் போலவே விசில் ஊதுகிறாள். புல்லைத் தவிர வேறு எதையும் நான் பிடுங்கியதில்லை என்று சொன்னவர்களிடம் இவர்களைக் காட்ட ஆசை.

நான் ஓய்வு பெற்று வந்த அடுத்த கோடையிலேயே மைதானத்தில் கார் நிறுத்தப் பேவர் கல் பதித்துவிட்டார்கள். மண்டபத்துக்காரருக்கு இந்த முறை மூக்கைப் பொத்த வேண்டிய அவசியம் வரவில்லை. கம்பங்களை என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் மெஷினை மாட்டிக்கொண்டு போய் நின்றிருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

இப்போது பின்கட்டுக்கு வருவோம். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். கார்புரேட்டரில் பிசின் மாதிரி படிந்திருந்ததைக் கழுவி ஊதினேன். பெட்ரோல் டியூப் தொட்டதும் ஒடிந்தது. டூ வீலர் கடையில் அதே பருமனில் ஒரு முழம் வாங்கிப் போட்டேன். பங்க்கில் கைப்பிடியைச் சுழற்றி டூ டி விடுகிற பம்பு முன்னெல்லாம் நிற்கும், இப்போது அதுவும் இல்லை, அந்த நீலப் புகை மொபெட்டுகளும் இல்லை. டூ டி என்று கேட்டால் அங்கே நிற்கிற பிள்ளைகள் முழிக்கிறார்கள். பழைய டப்பாவின் அடியில் மிச்சம் இருந்த ஆயில்தான் கை கொடுத்தது. பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்கள். மாமாவின் ஸ்கூட்டரில் பெட்ரோல் டியூபைப் பிடுங்கி அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய் டீ போட்டார்.

சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. இழுத்தேன். இருமியது. தோள்பட்டை விட்டுப்போகும்படி இன்னொரு தடவை இழுத்தேன். தெருவே அதிர மெஷின் கத்தியது. எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. சாத்தட்டும்.

மாமா இரண்டு தம்ளரோடு வந்து நின்றார். "டூ டீ ரெடி. எப்ப கெளம்புற?"

அந்தப் போன் விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தின் புது மேனேஜர் பேசினார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. "பேவர் கல்லு இடுக்குல எல்லாம் கோரை மொளச்சி, கல்லையே தூக்குது மேடம். ஆண்டு விழாவுக்கு கார் நிறுத்த முடியல. நல்லா புல்லு வெட்டுவீங்கன்னு சொன்னாங்க. உங்க மெஷின் இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஓடாத மெஷினை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

டீயைக் குடித்து முடித்தேன். இன்ஜினை அணைக்காமலே அந்த மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, என்னா சத்தம் மேடம் அங்க?"

"மெஷின் ஓடுது தம்பி. நல்லா ஓடுது."

"அப்ப எப்ப வர்றீங்க?"

"நான் வரல. புள்ளைங்களத்தான் வெளையாட விடல. புல்லாவது வெளையாடட்டும்."