மூன்று நிமிடமும் என் வணக்கங்களும்

எங்கள் டவுன்ஷிப்பின் நகர மன்றத்தில் பொதுமக்கள் நின்று பேசும் மேஜையில் மூன்று சின்ன விளக்குகள் கொண்ட ஒரு பெட்டி இருந்தது. பேசத் தொடங்கினால் பச்சை எரியும். கடைசி அரை நிமிடத்தில் மஞ்சள். மூன்று நிமிடம் முடிந்ததும் சிவப்பு எரியும், மைக்கை அணைத்துவிடுவார்கள். பேச்சை நிறுத்த அந்த ஊரில் அவ்வளவு அருமையான சிக்னல். அபார்ட்மென்ட்டுக்கும் எதிரே இருந்த இந்தியன் கடைக்கும் நடுவே பறக்கும் கார்களை நிறுத்தத்தான் ஒன்றும் கிடையாது. அதைக் கேட்கத்தான், அந்த அபார்ட்மென்ட்டில் குடியிருந்த, அமெரிக்காவில் பார்சிப்பனியில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த மேஜைக்குப் போனார். அவர் கையில் இருந்த இரண்டு பக்கத்தையும் எழுதிக்கொடுத்தவன் நான். நான்கு வருடமாகிவிட்டது. இன்றும் நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அக்கா ஈரோட்டுக்காரர். எழுதிய சாஃப்ட்வேர் ஓடுமா என்று சோதிக்கும் எங்கள் டெஸ்டிங் குழுவுக்கு லீட். மீட்டிங்கில் அரை மணி நேரம் எல்லோரும் மாற்றி மாற்றிப் பேசி முடித்த பிறகு, "இது ஓடாதுங்க" என்பார். அது ஓடாது. அவ்வளவுதான் அவருடைய பேச்சு. அந்த வருடம் அவருடைய மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். மாமனார் தினமும் சாயங்காலம் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் மருமகள் வாங்கித்தந்த வெள்ளை ஷூவுமாக எதிர்க்கடைக்குப் போய்க் கொத்தமல்லிக் கட்டோ தயிரோ வாங்கி வருவார். கார் ஓட்டாத மனிதர் இந்த நாட்டில் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர இருந்த ஒரே இடம் அது. ஒரு நாள் அங்கே போகும்போது கார் மோதிவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார்.

சிக்னல் வேண்டும் என்று அபார்ட்மென்ட்காரர்கள் மனு கொடுத்தார்கள். மன்றத்தில் விசாரணை வைத்து, விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். அக்கா என்னிடம் வந்தார். என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆபீஸில் புதன்கிழமை மதிய இடைவேளையில் ஒரு பேச்சு மன்றம் நடக்கும். அதற்கு நான்தான் தலைவர். விருதுநகரில் பள்ளியில் படிக்கும்போதே, போர்க்களத்து இடுகாட்டில் ஓர் அமெரிக்க ஜனாதிபதி பேசிய சின்னப் பேச்சை மனப்பாடமாக ஒப்பித்துக் கோப்பை வாங்கியவன். அப்போது எனக்கு அதில் பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. ஆனால் கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழைய வேண்டும் என்பது அத்துப்படி. அந்தப் பெருமை கடல் தாண்டியும் என்னை விட்டுப் போகவில்லை.

புதன்கிழமைகளில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விளக்குவேன். அந்த ஜனாதிபதிக்கு முன்னால் அதே மேடையில் ஒருவர் இரண்டு மணி நேரம் முழங்கினார், அவரை இன்று யாருக்காவது தெரியுமா என்று கேட்பேன். தலைநகரில் லட்சக்கணக்கான ஜனங்கள் முன்னால் தன் கனவைச் சொன்ன கறுப்பினப் பாதிரியார், கையிலிருந்த தாளை விட்டுவிட்டுப் பேசிய பகுதிதான் இன்றைக்கும் கேட்பவர்களை அழவைக்கிறது என்பேன். இரண்டும் உண்மை. இவ்வளவும் தெரிந்த அதே வாயால்தான் நான் அக்காவிடம் அப்படிச் சொன்னேன்.

அக்கா என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். "இங்கிலீஷ்ல சும்மா நாலு வரி போதுமுங்க. போலீஸ் ரிப்போர்ட்ல மாமா பாக்காம இறங்கிட்டாருன்னு போட்டிருக்கு. அத்தைக்கு அதைத்தான் தாங்க முடியலைங்க. மாமா நின்னு பாத்துட்டுத்தான் இறங்குவாரு. ஊர்ல பழகுனபடி வலது பக்கம் பாத்திருப்பாரு. இங்க இடது பக்கத்துல இருந்துல்லங்க கார் வருது. அறுபது வருசப் பழக்கம் ஆறு மாசத்துல மாறுமா? அவரு அசால்ட்டா போகலைங்க. அதை மட்டும் சொல்லிட்டு வந்து உக்காந்துக்கறேன்."

இன்று யோசித்தால் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அன்று எனக்கு அது பேச்சாகவே படவில்லை.

"அக்கா, இப்படிச் சொன்னா தப்பு நம்ம மேலதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு கம்பீரம் வேணும். நான் டிராஃப்ட் பண்ணித் தர்றேன், நீங்க பாத்துப் படிச்சா போதும்" என்றேன். அக்கா, "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்து எழுதினேன். நம் ஊர் மேடையில், அமர்ந்திருப்பவர்களை வரிசையாக விளித்து வணங்காமல் பேச்சைத் தொடங்கினால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். அந்தப் பழக்கம் என் ரத்தத்தில் ஊறியது. ஆகவே மேயருக்கு ஒரு வணக்கம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயரும் அடைமொழியும் சேர்த்து ஒரு வணக்கம். டவுன்ஷிப் வக்கீல், போலீஸ் தலைவர், குறிப்பெழுதும் அம்மாள் என்று ஒருவரையும் விடவில்லை. அதற்குப் பிறகு இந்த நாட்டைக் கட்டிய முன்னோர்கள். நீதி என்ற சொல் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நீளமான வாக்கியத்தில். மாமனார் இரண்டாம் பக்கத்தின் நடுவில் வந்தார். அவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்ற பேச்சு அதற்கும் கீழே, நான் பூசி மெழுகிய ஒரு வரியாக இருந்தது.

அக்கா நிதானமாகப் படித்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. வக்கீலை வணங்கும்போதே நான் விளக்குப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மேடையில் இருந்த ஒருவர் முதலில் புன்னகைத்தார், பிறகு தண்ணீர் குடித்தார், பிறகு போனைப் பார்த்தார். முன்னோர்கள் வந்தபோது மஞ்சள் எரிந்தது. மூன்றாவது நீதியில் சிவப்பு. மேயர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். அக்கா பக்கத்தைத் திருப்பப் போன கையை அப்படியே நிறுத்தி, பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். இன்னும் ஆய்வு தேவை என்று அன்றே விஷயத்தைத் தள்ளிப்போட்டார்கள். பார்க்கிங்கில் நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு டெக்சாஸ் போய்விட்டார்.

எங்கள் ஆபீஸில் வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பாதிரியாரின் வரியை அழகான படத்தோடு எல்லோருக்கும் மெயிலில் அனுப்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வரியின் மேல் கோபமில்லை. அந்த ஜனாதிபதி தான் அனுப்பிய படையில் செத்தவர்களின் புதுக் குழிகளுக்கு நடுவே நின்றார். சொல்லாமல் நகர முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. பாதிரியாருக்கும் அப்படித்தான். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும், அந்த ஊரையே பார்த்திராத ஒரு விருதுநகர்ப் பையனுக்குக்கூட மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் பேச்சு மன்றத்துக்கு அப்படிச் சொல்லியே ஆகவேண்டிய ஒன்றோடு வந்தவர் அக்கா ஒருவர்தான். நான் அவர் கையில் என் பள்ளிக்கூடக் கோப்பையைக் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் டவுன்ஷிப்பின் இணையதளத்தில் அந்த சிக்னல் விஷயம் மறுபடி விசாரணைக்கு வருவதாகப் போட்டிருந்தார்கள். இப்போது எங்கிருந்து வேண்டுமானாலும் வீடியோவில் பேசலாமாம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். டல்லாஸில் ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இந்தத் தடவை நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்கல்ல, அதையே பேசுங்க."

அக்கா இண்டிகேட்டர் போடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு மீட்டிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்தனுங்களா, அத்தை சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. மாமா பாத்துட்டுத்தான் போனாருன்னு சொல்லிட்டியா கண்ணுன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன் அத்தைன்னுட்டேன். எல்லாரும் கேட்டாங்களான்னாங்க. கேட்டாங்கன்னேன். அந்த நிம்மதியிலதான் ஊருக்குப் போனாங்க. போன தை மாசம் அவங்களும் தவறிட்டாங்க. இனி நான் யாருக்குங்க சொல்றது?"