திரையின் மூலையில் மூன்று எழுத்து

செக்கிங் மேசையில் குவிந்து கிடந்த பனியன்களுக்கு மேலாக அந்த அக்கா தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டிய மதியம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "தங்கச்சி, நீ இங்கிலீஷ் படிச்சவ. அவுக கடல்ல இருந்து கூப்பிடுதாக. கொஞ்சம் பேசுதியா?" திருப்பூரில் அந்த ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. பொங்கலூரில் பிறந்த நான் அதுவரை கடலை நேரில் கண்டதில்லை. அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கணவர் அங்கே படகு ஓட்ட, இவர் இங்கே துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

மழை மூடிக் கரை தெரியவில்லை, காம்பஸும் பழுது என்றார் கணவர் போனில். பழையதாக வாங்கிய ஜிபிஎஸ் திரை ஒன்றுதான் துணை. அதைக் கடலுக்குக் கொண்டுபோனது அன்றுதான் முதல் தடவை. "இஞ்சினை நிறுத்திட்டேம்மா. ஆனா படத்துல படகு போயிட்டே இருக்கு. மூலையில எஸ், ஐ, எம்னு மூணு எழுத்து மின்னுது." எனக்குத் தெரிந்த சிம் ஒன்றுதான். "அது சிம் கார்டுங்க. சரியாத்தானுங்க இருக்குது. தண்ணி இழுத்துட்டுப் போகுமுங்களே" என்றேன். "அம்புட்டு நீரோட்டம் இல்லையேம்மா" என்று தயங்கினார். பிறகு, படித்த பெண் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லி, துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். திரையில் ஒரு கோடு விழுந்தது. "அந்தக் கோட்டுலயே போங்க" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மனம் கேட்காமல் ஆபீஸ் கணினியில் அந்தக் கருவியின் கையேட்டைத் தேடினேன். பக்கம் மெல்லத் திறந்தது. அந்த மூன்று எழுத்து தெரிந்தால் கருவி 'சிமுலேட்டர்' என்ற பயிற்சி நிலையில் இருக்கிறது. படகு நிற்கும் இடமும் காட்டும் வழியும் பொய். செட்டிங்கில் ஒன்றை அணைத்தால் போதும் என்றிருந்தது. அக்காவின் கைப்பேசியைத் தேடி ஓடினேன். அவருடைய எண் தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருந்தது. அதே பொத்தானை எத்தனை முறை அழுத்தினேனோ, அதே பெண் குரல் அதையே சொன்னது.

அக்காவிடம் மறைக்கவில்லை. "நீ என்ன செய்வ. தெரிஞ்சதத்தான சொன்ன" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். பனியன்களை ஒவ்வொன்றாக விரித்து மடித்தார், எதையும் பார்க்கவில்லை. ஊருக்குச் சொல்லியாயிற்று. மழை விடாமல் படகு இறக்க முடியாது என்றார்கள். எனக்கு அவர் அருகில் உட்காரவும் துணிவில்லை, எழுந்து போகவும் மனமில்லை.

மறுநாள் பிற்பகலில், டீசல் தீர்ந்து மிதந்துகொண்டிருந்த அவரை வேறொரு துறைமுகத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. கரையேறியதும் அவர் என்னிடம்தான் பேச வேண்டும் என்றாராம். "நீங்க பேசுனதுதாம்மா எனக்குத் தைரியம். இல்லைன்னா பயந்தே செத்திருப்பேன்." அக்கா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தேன். சில மாதங்களில் அக்கா ஊருக்கே போய்விட்டார். நானும் கடைசிவரை அவர் கணவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

போன வாரம் வெள்ளகோவிலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து காங்கயத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். நாள் தவறாமல் நான் போய்வரும் சாலை அது. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.