வாளியில் தெளிந்த தண்ணீர்

என் அத்தானைப் பற்றி, அதாவது அக்கா புருஷனைப் பற்றி, நல்லதாக நாலு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாய்ப்பு வராது. சுத்தமான மனுஷன். அழுக்குச் சட்டையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. வேலைக்கு இரண்டு கைக்குட்டையோடு போவார், ஒன்று முகத்துக்கு, ஒன்று மூக்குக்கண்ணாடிக்கு. பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அதனாலேயே சொல்ல மாட்டார். இப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு தெருவையே எப்படி ஏமாற்றினார் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் பங்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பகுதியில் இரும்பு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று முப்பது வருஷம் ஓடியது. அத்தான் அதில் பேக்கிங் பிரிவு. பாகங்களில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஒரு கெமிக்கலில் கழுவுவார்கள். கழுவி முடித்ததைப் பின்பக்கக் குழியில் ஊற்றிவிடுவார்கள். மண் குடித்துவிடும், வேலை முடிந்தது. குடித்த மண் அதை மூட்டை கட்டியா வைத்துக்கொள்ளும்? அது நிலத்தடித் தண்ணீரில் இறங்கி, மதிலுக்கு அடியில் நகர்ந்து, பின்தெரு வீடுகளின் கிணற்றில் போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலையை மூடினார்கள். தெருக் கிணறுகளையும் மூடி, லாரியில் தண்ணீர் விட்டார்கள். அத்தானுக்கு வேலை போயிற்று.

இரண்டு வருஷம் சும்மா இருந்தார். வேலையில்லாத ஆம்பளையைத் தெருநாய்கூட மதிக்காது என்பார்களே, அது சும்மா சொன்னதில்லை. என் அக்காவே "அவரைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் நிலத்தடித் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு கம்பெனி வந்தது. நான் அதில் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். என் சிபாரிசில் அத்தானும் சேர்ந்தார்.

என் வேலை இதுதான். பம்ப் கெட்ட தண்ணீரை மேலே இழுக்கும். ஒரு உயரமான டவரின் உச்சியிலிருந்து அது சிதறி விழும். கீழேயிருந்து மின்விசிறி காற்றை ஊதும். தண்ணீரிலிருக்கும் கெமிக்கல் காற்றோடு கிளம்பிவிடும், அதைக் கரித் தொட்டி பிடித்துக்கொள்ளும். காற்றுப் பட்டால் கெமிக்கல் பறந்துவிடும், அவ்வளவுதான் அந்த டவரின் ரகசியம். இதை தினம் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்ட வசதியாக இருக்கும்.

அத்தான் வேலை சாம்பிள் எடுப்பது. வளாகத்தில் பத்து, தெருவில் எட்டு, மொத்தம் பதினெட்டுக் கிணறு. கிணறு என்றால் வளாகத்தில் இருப்பவை கை நுழையாத குழாய்கள், மூடியும் பூட்டும் போட்டவை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஐஸ் பெட்டியில் லேப்புக்கு அனுப்ப வேண்டும். குப்பியை விளிம்பு தளும்ப நிரப்பி மூட வேண்டும், கவிழ்த்துத் தட்டினால் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இன்ஜினியர் அரைநாளில் சொல்லிக்கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அத்தானும் கேட்கவில்லை.

முதல் தடவை அனுப்பியதை, கலங்கல் என்று லேப் திருப்பி அனுப்பிவிட்டது. இன்ஜினியர் எல்லார் முன்னாலும் கத்தினார். "தண்ணி கேட்டா சேத்தை அனுப்பறீங்களே, வீட்ல இதைத்தான் குடிப்பீங்களா?"

சேறு என்ற வார்த்தை அத்தானைச் சுட்டுவிட்டது. மறுநாளே பதினெட்டு வாளி வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் நம்பர் போட்டார். விடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஊற்றி, என் டவருக்குப் பக்கத்தில் வரிசையாக வைப்பார். மத்தியானம் வரை தெளியவிட்டு, மேலாக மொண்டு, குப்பியில் ஒரு குமிழி இல்லாமல் அடைப்பார். கண்ணாடி மாதிரி இருக்கும். "அத்தான், இதை லேபிள் ஒட்டி வித்துடலாம்" என்றேன் நான். டவரில் மின்விசிறி என் தலைக்கு மேலே ஊதிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் மண்டையில் இருந்தது மூளையா களிமண்ணா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ரிப்போர்ட்டில் கெமிக்கல் அளவு, கம்பெனி வந்த புதிதில் எடுத்த அளவில் பாதியாகிவிட்டது. இன்ஜினியர் துள்ளிக் குதித்தார். அத்தானுக்கு உற்சாகம் வந்து, அடுத்த தடவை சாயங்காலம் வரை தெளியவிட்டார். அளவு இன்னும் இறங்கியது. "உங்க கை ராசிதான் சார்!" என்று இன்ஜினியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து அவர் பெயரே கைராசி. மூன்றாம் வருஷம் தெருக் கிணறுகளைத் திறந்துவிட்டார்கள், லாரி நின்றது. நாலாம் வருஷம் பம்பையும் நிறுத்தினார்கள். ஓடாத பம்புக்கு நான் காவல் இருந்தேன்.

கைராசி பின்தெருவுக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து நாற்காலி வரும், டீ வரும். "எங்க தண்ணியைத் திருப்பிக் குடுத்தவரு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அக்காவும் மறுபடி அவரைக் கேட்டுக் காரியம் செய்ய ஆரம்பித்தாள். அவர் மகள், அதாவது என் அக்கா மகள், புருஷனும் மூன்று வயதுப் பெண் குழந்தையுமாக வீடு தேடியபோது அவரே அந்தத் தெருவில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். "தண்ணி எப்படிப்பா?" என்று அவள் கேட்டதற்கு, "நான் இருக்கேன்ல?" என்றார்.

அப்புறம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதம் லீவு. பதிலுக்கு வேறு ஊர் சைட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார், நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வந்ததால் பெட்டியம்மா என்று பேர் வைத்தேன். அவர் எடுத்த சாம்பிளில் அளவு பத்து மடங்கு, சிலதில் இருபது மடங்கு ஏறி வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பெட்டிக்குள்ளே பெட்ரோல் கொண்டு வந்துச்சோ என்னவோ" என்றார் அத்தான். இன்ஜினியருக்கும் சந்தேகம் அந்த அம்மாள் மேல்தான். அத்தான் லீவு முடிந்து வந்ததும், இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள், எது சரி என்று பார்த்துவிடலாம் என்றார் இன்ஜினியர்.

சாம்பிள் எடுக்கும் நாளன்று காலை அத்தான் வாளிகளை வரிசையாக வைத்ததைப் பெட்டியம்மா பார்த்தார். நான் அந்த நேரம் டீக்கடையில். பின்னால் அத்தான் சொன்னதுதான் இது.

"இது எதுக்கு சார்?"

"தெளியறதுக்கு."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா. ஏன், சுத்தமா இருக்கக் கூடாதா?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டவரைக் காட்டி, "அது என்ன பண்ணுதோ அதைத்தான் சார் உங்க வாளியும் பண்ணிருக்கு. கெமிக்கல் பறந்துபோன தண்ணியை அனுப்பிருக்கீங்க. கிணத்துல அது அப்படியேதான் இருக்கு" என்றார். காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும், மூடிய குளியலறையில் மூச்சோடு உள்ளே போகும் என்றும் சொன்னார். "நீங்களே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும்."

ரிப்போர்ட் வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அத்தான் கெட்டிக்காரர்கூட இல்லை, பதினொரு நாள் ஓட்டினார். புளுகவும் இல்லை, வாயைத் திறக்காமல் இருந்தார்.

ஐந்தாம் நாள் ஓடாத பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே பேசினார். "மச்சான், மறுபடி வீட்ல சும்மா உட்கார என்னால முடியாது. அந்தத் தெருவுல எப்படி முழிப்பேன்? எல்லாரும் காறித் துப்புவாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எழுந்திரிங்க, இப்பவே போலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது. "ரிப்போர்ட் வரட்டும் அத்தான். அந்தம்மா சொல்றதும் தப்பா இருக்கலாம்ல." தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். டவர் என் கண் முன்னாலேயே நின்றது. ஆனால் சிபாரிசு செய்தவன் நான், வாளிக்குப் பக்கத்தில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். வெட்கம் அவருக்கு மட்டுமா?

அன்று சாயங்காலம் இரண்டு தண்ணீர் கேன் வாங்கி மகள் வீட்டுக்குப் போனார். ஒன்றை நான் தூக்கினேன். "ஆபீஸ்ல சும்மா குடுத்தாங்கம்மா, பாப்பா குடிக்கட்டும்" என்றபோது அவர் காது சிவந்தது. மகள் கவனிக்கவில்லை. "அப்பாவுக்குப் பேத்தி மேல பாசம் பொங்குது" என்று கேலி செய்தாள். பிறகு வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரைச் சுட வைத்துக் குழந்தையைக் குளியலறைக்குத் தூக்கிப் போனாள். கதவிடுக்கில் ஆவி வந்தது. உள்ளே குழந்தை தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன். ஆறு நாள், தினமும் இதேதான் நடந்தது.

பதினோராம் நாள் காலை லேப்பிலிருந்து கவர் வந்தது. பிரிப்பதற்கு முன்னாலேயே அத்தான் இன்ஜினியர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்ஜினியர் வெளுத்துப்போனார். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட வந்து நின்று பார்க்காதவர் அவர். "லேப் தப்புன்னு எழுதிக்கலாம், மெதுவா பம்பைப் போட்டுக்கலாம். உங்க மகளை மட்டும் வேற வீட்டுக்கு மாத்திடுங்க" என்றார். அத்தான் தலையை ஆட்டி மறுத்தார். பெட்டியம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போனது, பம்ப் மறுபடி ஓடியது, தெருவுக்கு லாரி வந்தது, எல்லாம் அப்புறம். அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குத்தான் போனோம்.

அப்போதுதான் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் உட்காரவில்லை. வாளியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தார். அவள் துண்டை அப்படியே பிடித்தபடி கேட்டாள். கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம செஞ்சதுக்கு யாருப்பா உங்களைக் குத்தம் சொல்வாங்க? விடுங்க. டாக்டர்கிட்டப் போலாம், வீட்டை மாத்திக்கலாம்."

அத்தான் விம்மிவிட்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. நல்ல பெண், என் அக்கா வளர்த்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்போப்பா தெரிஞ்சுது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அத்தானின் காது சிவந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. "பதினொரு நாளாச்சும்மா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மூலையில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் கேன்... குடிக்கிறதுக்கு மட்டும் கொண்டு வந்தீங்க. குளிப்பாட்டறதை இந்த நாற்காலில உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தீங்க. ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொன்னா நான் நிறுத்திருக்க மாட்டேனா? பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கே, அதுக்குக் கேன் யாரு கொண்டு வந்தா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தான் இரண்டு கைக்குட்டை இருந்தும் முகத்தைத் துடைக்காமல் நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்களுக்கு எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று அவள் கண் கெஞ்சியது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"ஆறு நாளா" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. ஈரத் தலையோடு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி வெளியே போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.