ஜாதிபத்திரி காயும் அறை

குற்றாலத்தில் சீசனுக்குப் போனபோது நான் தங்கிய லாட்ஜின் முதலாளி அவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் ஒரே ஒரு சாவி. ஊரே அறை கிடைக்காமல் அலைய, அவர் தன்னுடைய நல்ல அறையைத் தோட்டத்து ஜாதிபத்திரிக்குக் கொடுத்திருந்தார். அது பாயில் சிவப்பாகப் படுத்திருக்க, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த ஈரப்பத மீட்டரை ஓயாமல் எட்டிப் பார்ப்பார்.

அருவியில் குளித்துவிட்டு வந்த நான் அந்த அறை வாசலில் நின்றேன்.

"உள்ள வரலாமா அண்ணாச்சி?"

"தலை சொட்டுதுல்லா! அங்கனயே நில்லுங்க. மீட்டர் ஏறிரும். பூசணம் புடிச்சா அம்புட்டும் குப்பைதான்."

குளிக்காமல் கோயிலுக்குள் போகக் கூடாது என்பார்கள். இங்கே குளித்தவனுக்கு அனுமதியில்லை.

"அப்போ நீங்க அருவிக்கே போறதில்லையா?"

"போவாம என்ன? இந்தச் சாரல் நிக்கட்டும், போய்க் குளிக்கேன்."

சாரல் நின்றால் அருவியில் தண்ணீர் ஏது? அவர் மறுபடி மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

கிளம்பும்போது ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பத்திரி கொடுத்தார். இன்று பிரியாணிக்குப் போடலாமென்று அதைக் கையில் எடுத்தேன். வெளியே தூறல். மூடியைத் திறக்க மனம் வரவில்லை.